ஏறுவழியும் இறங்குமிடமும்: பழனி மலைத்தொடரின் நடைவழிகளும் பேருந்துப் போக்குவரத்தும்

முன்னுரை

பழனியிலிருந்து கொடைக்கானல் செல்லும் பேருந்து, வரதமாநதி அணையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலுள்ள நகருக்கும் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஊருக்கும் இடையே 64 கி.மீ. சாலை. வழியில் பெயர்ப்பலகை இல்லாத வளைவுகளிலும் பேருந்து நிற்பதுண்டு. தலையில் மூட்டையுடன் ஒருவர் இறங்குவார். புதரை விலக்கிச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் சில நொடிகளில் மறைந்துவிடுவார். அப்பாதை சாலைக்குப் பின் தோன்றியதா, சாலைக்கு முன்பே இருந்ததா என்னும் வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

கொடைக்கானலின் வரலாறாக எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி சாலை வந்த வரலாறே. நடந்து ஏறியவர்கள் அவ்வரலாற்றின் முதல் இயலில் தோன்றி, மோட்டார் வண்டி வந்ததும் மறைந்துவிடுகின்றனர். இப்பார்வையை ஏற்பதற்கில்லை. மலையில் நடை நின்றுவிடவில்லை. நடை தொடங்கும் இடத்தைப் பேருந்து மாற்றியது என்பதே பொருத்தமான கூற்று. அடிவாரத்தில் தொடங்கிய ஏற்றம் சாலையின் ஏதோ ஒரு வளைவில் தொடங்கலாயிற்று. இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொன்றும் உண்டு. பழைய வழிகளுள் எவை எழுத்தில் பதிவாயின என்பதை அவற்றின் பழமை முடிவு செய்யவில்லை. எழுதியவர்கள் எத்திசையிலிருந்து ஏறினர் என்பதே முடிவு செய்தது. பழனியை நோக்கிய வடசரிவு இதனால் இழந்தது மிகுதி.

இலக்கியத்தில் மலைவழி

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் வழியையும் குறிக்கும். வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிய மொழியில் மலைநடை பற்றிய செய்திகள் மிகுந்திருப்பது வியப்பன்று. அவற்றுள் முதன்மையானது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். நன்னனின் மலைநாட்டைப் பற்றிய அந்நூல் பழனி மலையைப் பாடவில்லை எனினும், மலைவழியில் நடப்பவர் அறிய வேண்டியவற்றை 583 அடிகளில் அது சொல்லும் நுட்பம் இங்கு நினைக்கத்தக்கது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள்ளமையால் விடிந்தபின் செல்க என்கிறது. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களுக்கு அஞ்சி ஒதுங்குமாறு கூறுகிறது. பாம்பு உறையும் குழிகளையும் வழுக்கும் தடங்களையும் சுட்டுகிறது. வழிகள் பிரியும் கவலைகளில், பின்னால் வருவோர் திசை மாறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறது. பின்வருவோரை எண்ணி வழியைப் பேணுதல் முன்செல்வோரின் கடமை என்னும் வழக்கம் அன்றே நிலைபெற்றிருந்தது என்பதற்கு இது சான்று.

பழனியைப் பொறுத்தவரை, பொதினி என்னும் பெயரில் மாமூலனார் அகநானூற்றில் (1, 61) இதனைக் குறிக்கிறார். வேள் ஆவியின் ஊர் இது. ஆவியர் குடியில் வந்த வையாவிக் கோப்பெரும் பேகனைச் சிறுபாணாற்றுப்படை பெருங்கல் நாட்டுக்கு உரியவனாகக் காட்டுகிறது. பரணர், கபிலர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் (141–147), அவனது மலைநாட்டுக்கு வழிவந்த இரவலர்களின் குரலில் அமைந்தவை. மயிலுக்குப் போர்வை அளித்த செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வழிநடையை நாம் மறந்துவிடுகிறோம்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கூறுகிறான். வலப்புற வழியில் எதிர்ப்படுவது இன்றைய திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை. அதனைச் சூழ்ந்து வாழை, கமுகு, தெங்கு, மா, பலா ஆகியவை ஓங்கியிருப்பதாக அவன் உரைக்கிறான். மலை இங்கு வழிநடப்போர்க்குத் திசைக்குறியாகவும் உணவு தரும் இடமாகவும் இருக்கிறது. சிறுமலை வாழை 2008இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதை இக்காதையின் அருகில் வைத்துப் படிக்கலாம்.

பொருந்தலும் அயிரைமலையும்

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்தது பொருந்தல். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் இங்கு நடத்திய அகழாய்வு, கண்ணாடி மணி செய்யும் உலையையும் மணிகளையும் வெளிப்படுத்தியது. ஈமச்சின்னம் ஒன்றிலிருந்த நெல்மணிகளுக்குப் பொ.ஆ.மு. 490 என்னும் காலக்கணிப்பு கிடைத்தது. அங்குக் கிடைத்த பிராமி எழுத்துப் பொறிப்பின் காலம் குறித்த விவாதம் தனியே நிகழ்ந்து வருகிறது. நமக்கு வேண்டியது ஊரின் இருப்பிடம். பாண்டிய நாட்டையும் மேற்குக் கடற்கரையையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்த பெருவழியை ஒட்டி, அதேவேளை மலைக்கு ஏறும் வாயிலில் அது அமைந்துள்ளது. சமவெளிப் பெருவழியும் மலையின் ஏறுவழியும் சந்தித்த இத்தகைய இடங்களே அக்காலத்தின் ‘நிலையங்கள்’.

மலைமீதும் சான்றுகள் உள. ஆங்லேட், நியூட்டன் ஆகிய இருவரும் எழுதி இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்ட நூல், பழனி மலையின் கல்திட்டைகளைப் பதிவு செய்தது. தாண்டிக்குடியில் பின்னர் அகழாய்வும் நடந்தது. வடசரிவை நோக்கிய பேத்துப்பாறையிலும் கீழ்மலை ஊர்கள் பலவற்றிலும் காணப்படும் இச்சின்னங்கள், அடிவாரத்துக்கும் மேல்மலைக்கும் இடைப்பட்ட உயரங்களில் அமைந்தவை. மக்கள் ஏறி இறங்கிய மலைமுகடுகளை ஒட்டியே இவை எழுந்தன என்று கருதுவது பொருந்தும். கல்திட்டைகளின் பரவலை இன்றைய ஒற்றையடிப் பாதைகளோடு ஒப்பிட்டு வரைபடமாக்கினால் இக்கருத்து உறுதிப்படலாம், மறுக்கப்படவும் கூடும்.

பழனிக்கு மேற்கே, பேருந்தில் சென்று இறங்கி ஏறத்தக்க குன்றுகளுள் வரலாற்று மாணவர் தவறவிடக் கூடாதது ஐவர்மலை. கல்வெட்டு இதனைத் திருவயிரை என்கிறது. சக ஆண்டு 792, அதாவது பொ.ஆ. 870இல் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சுட்டுவதால் அவன் 862இல் அரியணை ஏறினான் என்பது துணியப்பட்டது. பாண்டியர் காலவரிசைக்கு நங்கூரமாக நிற்கும் சான்று இது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவப் படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து 505 காணம் பொன் அளித்த செய்தியை அது கூறுகிறது. துறவியர் தேர்ந்த இடம் பெருவழியிலிருந்து விலகியது, ஆனால் நடந்து சென்று ஐயம் ஏற்கும் தொலைவுக்குள் அமைந்தது. இன்று சமவெளிச் சாலையில் இறங்கிக் குன்றை நோக்கி நடப்பவர், சமணத் துறவியர் அளந்த தொலைவையே அளக்கிறார்.

எழுத்தேறிய தென்சரிவு

1792இல் திண்டுக்கல் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறியது. கன்னிவாடி, ஆயக்குடி முதலிய சமவெளிப் பாளையங்களுக்கு மலைமீதும் ஊர்கள் இருந்தமையால், அடிவாரத்தையும் மலையூர்களையும் இணைக்கும் வழிகள் வரிக்கும் விளைபொருளுக்கும் இன்றியமையாதவையாக இருந்தன. ஆயினும் கம்பெனியின் நில அளவையாளர் ஏறியது இவ்வழிகளில் அன்று. 1821இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு பெரியகுளம் பக்கத்திலிருந்து குன்னுவர் ஊரான வெள்ளகவிக்கு ஏறி, அங்கிருந்து கொடைக்கானலை அடைந்தார். அவர் எழுதிய அளவைக் குறிப்பு இம்மலைகளை வராககிரி, குன்னாண்டவன் மலைகள் என்று குறிக்கிறது. ‘பழனி மலை’ என்னும் பெயரே அன்று எழுத்தில் உறுதிப்பட்டிருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வராககிரியின் நினைவு, திண்டுக்கல்லிலிருந்து பேருந்து செல்லும் பன்றிமலை என்னும் ஊர்ப்பெயரில் எஞ்சியுள்ளது எனலாம்.

1834இல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டனும் வருவாய் வாரிய உறுப்பினர் காட்டனும் தேவதானப்பட்டியிலிருந்து ஏறிச் செண்பகனூர் அருகே ஒரு மனை எழுப்பினர். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்தார். 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் இரு மனைகள் கட்டினர். 1854இல் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரை செல்லும் வழி அமைந்தது. இதற்குக் ‘கூலி காட்’ என்றே பெயர் வழங்கிற்று. 1875இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரைத் தொட்டபின், வெள்ளையர் அங்கிறங்கி இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து தோப்பை அடைந்து, பின் குதிரையிலோ டோலியிலோ ஏறினர். டோலி சுமந்தவர்கள் அதே வழியை நடந்தே ஏறினர். வழியின் பெயரில் மட்டும் அவர்களுக்கு இடம் கிடைத்தது; வரலாற்று நூல்களில் அவர்களுள் ஒருவருக்கும் பெயரில்லை.

லா என்னும் படைத்தளபதி திட்டமிட்ட மலைச்சாலை, வத்தலக்குண்டு வழியாக 1914இல் நிறைவுற்று 1916இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஒரு சாலை திறந்ததும் ஓர் ஏறுவாய் மங்கியது. கிருஷ்ணம நாயக்கன் தோப்பு பயணியர் தங்குமிடம் என்னும் நிலையை இழந்தது.

இக்கால எழுத்துகளில் வடசரிவு ஏன் இவ்வளவு குறைவாக இடம்பெறுகிறது? மாவட்டத் தலைநகர் மதுரை; மறைப்பணி நிலையமும் மதுரை; இருப்புப்பாதையும் தென்கிழக்கில். திண்டுக்கல்–பழனி–பொள்ளாச்சி இருப்புப்பாதை 1928இல்தான் அமைந்தது. மலைச்சாலை முடிந்த பின்னரே பழனிக்கு ரயில் வந்தது. 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு நூலும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடியும் இந்நோக்குநிலையிலிருந்து எழுதப்பட்டவை. அவற்றைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அவை எந்தத் திசையில் நின்று மலையைப் பார்த்தன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழம் இறங்கிய வழி

எழுத்து விட்டுவிட்டதை விளைபொருள் சொல்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரியது மலைவாழை. அதற்கு வழங்கும் பெயர் விருப்பாட்சி. விருப்பாட்சி என்பதோ ஒட்டன்சத்திரத்தை அடுத்த அடிவார ஊர். வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்த கோபால் நாயக்கரின் பாளையம். பழம் விளைவது மலைமேல். பெயர் பெற்றது அடிவாரத்தில். சரக்கு இறங்கிச் சேர்ந்து விலைபோன இடமே பெயராக ஒட்டிக்கொண்டது என்று இதனை விளக்கலாம். விருப்பாட்சி வாழை 2008இலும் பஞ்சாமிர்தம் 2019இலும் புவிசார் குறியீடு பெற்றன. கோயிலின் நிவேதனம் ஒன்று, மலைக்கும் சமவெளிக்கும் இடையே இடையறாத சுமைநடை இருந்ததற்குச் சான்றாக நிற்கிறது.

சுமையை நினைக்கும்போது காவடியையும் நினைக்க வேண்டும். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்துவந்த இடும்பனின் கதை பழனித் தலத்தின் தொன்மங்களுள் முதன்மையானது. தோள்தண்டில் இருபுறமும் சமன்செய்து சுமப்பது மலைச்சரக்கு இறக்குவோரின் தொழில்முறை. அத்தொழிற்கருவி வழிபாட்டுப் பொருளாக உயர்ந்த ஊரில், சுமைகாரர் வரலாறு எழுதப்படாதிருப்பது முரண். சிறுமலையில் குதிரைகள் விளைபொருள் சுமப்பது அண்மைக்காலம் வரை தொடர்ந்தது; திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் வழியே பேருந்து ஏறிய பின்னும் தோட்டத்திலிருந்து சாலை வரை குதிரையே வேண்டியிருந்தது. பேருந்தும் நடைவழியும் ஒன்றையொன்று நிரப்பின என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி அரிது.

பேருந்தும் ‘பிரிவும்’

தனியார் வசமிருந்த பேருந்துகள் அரசுடைமையாக்கப்பட்டபோது மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. திண்டுக்கல்லுக்கென இராணி மங்கம்மாள் பெயரிலும் ஒரு கழகம் இயங்கியது. 1997இல் இப்பெயர்கள் நீக்கப்பட்டு எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயரின்கீழ் வந்தன. சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் நினைவுகூரப்படும் அரசி ஒருத்தியின் பெயரைப் பேருந்துகள் சிறிதுகாலம் தாங்கியிருந்தது பொருத்தமாகவே இருந்தது, போகட்டும்.

மலைப்பேருந்தின் கால அட்டவணை ஆராயத்தக்க ஆவணம். ஆய்வாளர்கள் அதனைப் பெரிதும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூருக்கும், வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கும், திண்டுக்கல்லிலிருந்து ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் செல்லும் பேருந்துகளை எடுத்துக்கொள்ளலாம். மலையூர்ப் பேருந்து வழக்கமாக மாலையில் ஏறி, ஓட்டுநரும் நடத்துநரும் ஊரிலேயே தங்க, விடியலில் இறங்கும். இந்த ‘நைட் ஹால்ட்’ முறை, சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சமவெளிக்கு வந்து திரும்பும் மலைமக்களுக்காக வகுக்கப்பட்டது. சமவெளியிலிருந்து காலையில் ஏறி மாலையில் திரும்ப விரும்பும் மலையேற்ற ஆர்வலருக்கு இது நேர் எதிரானது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட நகரத்தார் குறைகூறுவதுண்டு. அட்டவணை தமக்காக எழுதப்படவில்லை என்பதை அவர்கள் உணர்வதில்லை.

நிறுத்தப் பெயர்களும் சான்றுகளே. திண்டுக்கல், கொங்குப் பகுதிகளில் கிளைவழி தொடங்கும் நிறுத்தத்துக்குப் ‘பிரிவு’ என்று பெயர். ஊர் சாலையில் இராது; சாலையிலிருந்து பிரியும் வழியின் இறுதியில் இருக்கும். மலைபடுகடாம் ‘கவலை’ என்றதையே நடத்துநர் ‘பிரிவு’ என்று கூவுகிறார். கட்டண நிலைகளின் பழைய பட்டியல்களைத் திரட்டி, அவற்றிலுள்ள பிரிவுகளை நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டால், சாலை வெட்டிச் சென்ற பழைய ஏறுவழிகள் எங்கெங்கு இருந்தன என்பது ஓரளவு புலப்படும். வடசரிவின் எழுதப்படாத வரலாற்றுக்கு இதனினும் அண்மையான ஆவணம் வேறில்லை.

மகளிருக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021இல் நடைமுறைக்கு வந்தபோது, மலைப்பகுதிகள் அதன் பயனைப் பெறவில்லை. 2024–25 நிதிநிலை அறிக்கையே அதனை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கு விரிவாக்க அறிவித்தது. சமவெளியை அளவாகக் கொண்டு ‘நகரம்’ வரையறுக்கப்படும்போது, பல கல் நடந்து சாலைக்கு வரும் பெண் அதன் வெளியே நின்றுவிடுகிறாள்.

மலையேற்றம் என்னும் புதுவழக்கு

வழிபாட்டு நடை பழனிக்குப் புதிதன்று. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் நடந்து வருகின்றனர். திண்டுக்கல்–பழனி சாலையோரம் அவர்களுக்கெனத் தனி நடைபாதையும் போடப்பட்டுள்ளது. நடந்து வந்தோருள் பலர் பேருந்தில் திரும்புகின்றனர். கீரனூர் அருகே கூம்பாக நிமிர்ந்த கொண்டரங்கி மலைக்கும், சிறுமலையின் வெள்ளிமலைக்கும் வழிபாட்டு நோக்கில் ஏறியோரின் படிகளில் இன்று உடற்பயிற்சிக்கும் காட்சிக்கும் ஏறுவோர் கலந்துள்ளனர்.

மலைத்தொடரின் உட்பகுதியிலோ நிலைமை வேறு. 2013இல் கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்தினர் 23 பேர் உயிரிழந்தபின் கட்டுப்பாடுகள் இறுகின. அவை தேவையற்றவை என்று கூற இயலாது. 2024 அக்டோபரில் வனத்துறை, கட்டணமும் முன்பதிவும் வழிகாட்டியும் கொண்ட 40 மலையேற்ற வழிகளைத் திறந்தது. அவற்றுள் ஒன்று வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி செல்லும் வழி. 1821இல் வார்டு தங்கி ஏறிய அதே வெள்ளகவி; இன்றும் மக்கள் நடந்தே சென்றுவரும் ஊர்.

இங்குப் பெயரிடுதலே சிக்கலாகிறது. வழி ஒன்று ‘மலையேற்ற வழி’ எனப் பட்டியலில் ஏறும்போது அதன் முதன்மைப் பயனாளர் விருந்தினராகிவிடுகிறார். அதே வழியில் அரிசி மூட்டையோடு செல்பவர் அப்பட்டியலில் எவ்வகையிலும் இடம்பெறுவதில்லை. வெள்ளகவி ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் மக்கள் நோயுற்றோரையும் மகப்பேற்றுக்குரிய பெண்களையும் டோலி கட்டிச் சாலைவரை சுமந்துவரும் செய்தி நாளிதழ்களில் பலமுறை வெளிவந்துள்ளது. 1854இன் வழியில் வெள்ளையரை மேலேற்றிய கருவி, அதே சரிவில் நோயாளியைக் கீழிறக்கும் கருவியாகத் தொடர்கிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இல், கிராம சபையின் பரிந்துரையின்பேரில் ஓர் எக்டேருக்குக் குறைவான, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாது வெட்டப்படும் நிலத்தைச் சாலை, பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு ஒதுக்க வழிசெய்கிறது. அத்தகைய கோரிக்கைக்கு ஊரார் தம் வழியின் பழமையை எடுத்துரைக்க நேர்ந்தால், அவர்கள் கையில் கிடைப்பவை வார்டின் குறிப்பும் விவரச்சுவடியின் சில பத்திகளுமே. தென்சரிவு ஊர்களுக்கு அதுவேனும் உண்டு. பழனிப் பேருந்திலிருந்து மாலையில் இறங்கி வடசரிவின் பிரிவுகளில் நடக்கும் பளியர், புலையர், குன்னுவர் ஆகியோரின் வழிகளுக்கு அத்தகைய ஏடுகள் மிக அரிது. நடத்துநரின் பழைய கட்டணப் பட்டியலும், நடப்பவர்களின் நினைவும், வழிகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களும் உள்ளன. அவற்றைப் பதிவு செய்யும் பணி மதுரையிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ அன்றி, பழனிப் பேருந்து நிலையத்திலிருந்து தொடங்கப்பட வேண்டும்.